ஹுல்டா அண்ணியின் இரண்டாவது ஓட்டு

எங்கள் நியூ ஜெர்சியில் ஒரு பெண் ஓட்டுப் போட வேண்டுமானால் முதலில் அவள் புருஷன் சாக வேண்டும். சட்டத்தில் இப்படி எழுதி வைக்கவில்லைதான். சொந்தப் பெயரில் ஐம்பது பவுண்டு பெறுமான சொத்து உள்ளவர் எவரும் போடலாம், ஆணோ பெண்ணோ, கறுப்போ வெளுப்போ, என்றுதான் இருந்தது. ஆனால் புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்குச் சொந்தப் பெயரில் ஒரு கரண்டிகூடக் கிடையாது. எல்லாம் அவனுடையது. கல்யாணம் ஆகாதவளுக்கு அவ்வளவு சொத்தை யார் கொடுக்கப் போகிறார்கள்? மிச்சம் இருந்தது விதவைகள்தான். என் வீட்டுக்காரர் ஏனோஸ் குத்துக்கல் மாதிரி இருந்ததால் நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை.

"என்னைக் கொன்னுட்டுத்தான் போடுவே போல" என்பார் அவர், தேர்தல் வந்தால்.

"அந்தப் பாவம் எனக்கெதுக்கு? நீங்க குடிக்கிற ஆப்பிள் சைடருக்கு நீங்களே போய்ச் சேருவீங்க" என்பேன்.

என் அண்ணி ஹுல்டா பியர்சனுக்கு அந்தப் பாக்கியம் இருபத்தொன்பது வயதில் வாய்த்தது. என் அண்ணன் லெமுவேல் கல்லுடைக்கும் குழியில் வேலை செய்தான். ஒரு மார்ச் மாதம் பனி இளகியபோது மேலிருந்து பலகைப் பாறை சரிந்தது. வீடும் பசுவும் வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் தோப்பும் அண்ணிக்கு வந்தன. பிள்ளை இல்லை. மறுபடி கட்டிக்கொள் என்று ஊரே சொன்னது. அவள் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஹாரோஃபீல்டு செருப்புத் தைக்கிற ஊர். கடைக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் தோலை வீட்டுக்குக் கொண்டுவந்து மேல்பாகம் தைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் குத்தூசி வலது ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கிவிட்டது. அதன் பிறகு அந்த நகம் இரண்டாகப் பிளந்தே வளர்ந்தது. கையைப் பார்த்தாலே ஹுல்டா என்று சொல்லிவிடலாம்.

அவள் முதல் ஓட்டுப் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழுப்புப் பட்டு கவுன் ஒன்று அவளிடம் இருந்தது. லெமுவேல் வாங்கித் தந்தது. அவன் போன பிறகு அதைக் கையாலும் தொடாதவள், அன்று எடுத்து உடுத்திக்கொண்டாள். சத்திரத்துக் கூடத்தில் ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"பேரு?" என்றார், பழக்க தோஷத்தில்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. உங்க கால்ல கிடக்கிற பூட்ஸ் நான் தைச்சதுதானே?" என்றாள் அண்ணி.

கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டு சீட்டை வாங்கிப் பெட்டியில் போட்டார். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பட்டு கசங்கிவிடுமாம்.

"ஃபீபி, இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்துல நம்ம அப்பாக்களே பேச முடியாததை நான் இன்னிக்குப் பேசிட்டு வந்திருக்கேன்டி" என்றாள். அடுப்படியில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறென்ன?

அதற்கப்புறம் அக்டோபர் தேர்தல் அவளுக்குத் திருவிழா ஆகிவிட்டது. முந்தின நாள் உலர்திராட்சை போட்டுப் பெரிய கேக் சுடுவாள். காலையில் பட்டு கவுன். அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் அது வெளியே வரும். ஆகவே நாங்கள் அதற்கு ஓட்டு கவுன் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஓடைப் பக்கம் ஃபுளோரா வான் டைன் இருந்தாள். ஒரு டச்சுக்காரக் குடும்பத்தில் அடிமையாகப் பிறந்தவள். அவள் புருஷன் வண்டி ஓட்டிச் சம்பாதித்து அவளையும் மீட்டு, ஒரு வீட்டையும் கட்டிவிட்டு, காய்ச்சலில் போய்விட்டான். துணி வெளுத்துப் பிழைத்தாள். அண்ணி வீட்டுத் துணியும் என் வீட்டுத் துணியும் அவளிடம்தான் போகும். சொத்துக் கணக்குப்படி அவளுக்கும் ஓட்டு உண்டு. ஆனால் போனால் என்ன ஆகும் என்று பயந்து போகாமலே இருந்தாள். அண்ணி சும்மா விடுவாளா?

"நான் இருக்கேன், வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அதிகாரி ஃபுளோராவை ஏற இறங்கப் பார்த்தார். "இவளுக்கு ஐம்பது பவுண்டு சொத்து இருக்குன்னு யார் சொல்றது?"

எங்கள் ஊரில் சந்தேகம் வந்தால் இதுதான் வழக்கம். ஊரில் மரியாதை உள்ள ஓட்டுக்காரர் ஒருவர் எழுந்து, இவரை எனக்குத் தெரியும் என்று சொன்னால் போதும். பத்திரம் எதுவும் காட்ட வேண்டாம். சொல்லுகிறவரின் சொல்லே பத்திரம்.

"நான் சொல்றேன். இவளை எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். மறு பேச்சில்லாமல் ஃபுளோராவின் சீட்டு பெட்டிக்குள் போயிற்று. திரும்பும்போது இருவரும் கை கோத்துக்கொண்டு தெருவின் நடுவில் நடந்து வந்தார்கள். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணி எதையும் சட்டை செய்யவில்லை.

அன்றிலிருந்து வருஷா வருஷம் இதுதான். அதிகாரி மாறினால் கேள்வி வரும். அண்ணி அதே பதிலைச் சொல்வாள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மற்ற நாளெல்லாம் ஃபுளோரா அவளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். தேர்தல் அன்று மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அண்ணியே முதல் வருஷம் கட்டளை போட்டதுதான். "பெட்டி முன்னால நீயும் ஒண்ணு, நானும் ஒண்ணு. இன்னிக்கு அம்மா கிம்மான்னே, கேக் கிடையாது." ஆகவே அக்டோபரில் ஒரு காலை, வாசலில் நின்று "ஹுல்டா! கிளம்பிட்டியா?" என்று ஃபுளோரா கூப்பிடுகிற குரல் எங்கள் வீடு வரை கேட்கும். அதைக் கேட்க அண்ணி முன்னாடியே தயாராகி உள்ளே காத்திருப்பாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இப்படியே போயிருந்தால் இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. நீதிமன்றக் கட்டடம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

பழைய கட்டடம் ஒழுகிக்கொண்டிருந்தது. மாவட்டத்துக்குப் புதிதாக ஒன்று கட்ட வேண்டும். எங்கள் ஊரிலா, ஆற்றுக்குக் கீழே இருக்கும் கிரேன்துறையிலா என்று ஓட்டெடுத்து முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். நீதிமன்றம் இருக்கும் ஊரில்தான் வக்கீல் இருப்பான், சத்திரம் ஓடும், குதிரை நிற்கும், செருப்பு விற்கும். இரண்டு ஊருக்கும் பைத்தியம் பிடித்தது. பெண் கொடுத்த வீட்டோடு பேச்சு வார்த்தை நின்றது. கிரேன்துறைக்காரன் வண்டியில் வந்தால் எங்கள் ஊர் நாய்கூடக் குரைத்தது. எங்கள் பாதிரியார் யெரூசலேமைக் கட்டுவது பற்றிப் பிரசங்கம் செய்தார். அது எந்த யெரூசலேம் என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஆயிரத்து எண்ணூற்று ஏழு, பிப்ரவரி மாதம். ஓட்டுப் பெட்டி முதலில் வேறு ஊர்களுக்குப் போய்விட்டு, கடைசி நாள் எங்கள் ஊருக்கு வந்தது. கிரேன்துறையில் தொட்டில் பிள்ளையைத் தவிர எல்லாரும் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று அதற்குள் செய்தி வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் விடுவார்களா? காலையிலிருந்தே கூத்து. புருஷன் உள்ள பெண்கள் போட்டார்கள். பதினைந்து வயதுப் பெண்கள் போட்டார்கள். மலைப்பக்கத்திலிருந்து சறுக்கு வண்டிகளில் ஆட்களை ஏற்றி வந்து, ஒரு தெருவில் இறக்கி ஓட்டுப் போடவைத்து, அடுத்த தெருவில் தொப்பியை மாற்றி மறுபடி அழைத்து வந்தார்கள்.

அண்ணி அன்று ஃபுளோராவுக்குக் காத்திராமல் காலையிலேயே முறையாகப் போய், தன் பெயரைச் சொல்லி, தன் ஒரே ஓட்டைப் போட்டுவிட்டு வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"இது தேர்தலா, சந்தையா? அதிகாரி தலையை நிமிர்த்திப் பாக்கவே இல்லடி" என்றாள் என்னிடம்.

மத்தியானம் ஜேபஸ் ஹெடன் அவள் வீட்டுக்கு வந்தான். தொப்பி செய்கிறவன். ஒல்லியான ஆள், மழமழவென்று முகம், வாய் மட்டும் அந்த உடம்புக்கு அதிகம். ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் முன்னால் நிற்பான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, உங்க பட்டு கவுன் ஒண்ணு வேணுமே."

"எதுக்கு? உன் பொண்டாட்டிக்கா?"

"எனக்குத்தான்."

அண்ணி துடைப்பத்தைத் தேடினாள். அவன் நகரவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாம பின்னால இருக்கோம். கிரேன்துறைப் பொம்பளைங்க ஆளுக்கு அஞ்சு தடவை போட்டாளுங்களாம். அங்க ஒருத்தி என்ன சொன்னா தெரியுமா? ஹாரோஃபீல்டு விதவைங்கல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை கேக் தின்னத்தான் லாயக்குன்னாளாம்."

அப்படி எவளும் சொல்லியிருக்க மாட்டாள் என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். ஜேபஸ் வழியிலேயே ஜோடித்தது அது. ஆனால் அண்ணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவளிடம் இருந்த ஒரே கர்வம் அந்த ஓட்டுதான். அவன் சரியாக அங்கே கை வைத்தான்.

கவுனை எடுத்துக் கொடுத்தாள். அவன் அங்கேயே சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு, அண்ணியின் குல்லாவைக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து ஒரு வணக்கம் வைத்தான். "பேரு விதவை ஜெமைமா, மலைப்பக்கம், ரெண்டு பசு" என்று கீச்சுக் குரலில் சொன்னான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணியும் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். லெமுவேல் செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நீங்களும் இன்னொரு தடவை வாங்கக்கா. எல்லாரும்தான் போடறாங்க. ஊருக்காக" என்றான்.

சிரித்த வாயோடு அவள் என் சாம்பல் நிற மேலங்கியை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். அதன் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டாள். எனக்குக் கால் வீங்கியிருந்தது. இருந்தாலும் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? சத்திரத்துக் கூடத்தின் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜேபஸ் முதலில் போய்ப் போட்டுவிட்டுக் கண்ணடித்துக்கொண்டே வெளியேறினான். அண்ணி வரிசையில் நின்றாள். அப்போது ஃபுளோரா உள்ளே வந்தாள். காலையிலிருந்து வெளுப்பு வேலை இருந்திருக்கும். கைகள் சிவந்து ஈரமாக இருந்தன. வரும் வழியில் அண்ணி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாளாம். பதில் இல்லாததால் தனியாக வந்திருக்கிறாள். வரிசையில் அவளுக்கு இடம் அண்ணிக்கு நேர் முன்னால் அமைந்தது. அங்கே நின்ற கிழவர் தன் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான்.

கிரேன்துறையிலிருந்து கண்காணிக்க வந்த ஆட்கள் இரண்டு பேர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். யாரையாவது தடுத்தேன் என்று காட்ட அதிகாரிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பாவாடை கட்டின தொப்பிக்காரனைத் தடுக்கவில்லை. ஃபுளோராவைத் தடுத்தார்.

"நில்லு. உனக்குச் சொத்து இருக்குன்னு யார் சொல்றது?"

"நான் வருஷா வருஷம் போடறேங்கய்யா."

"எனக்குத் தெரியாது. உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

ஃபுளோரா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாருக்கும் அவளைத் தெரியும். பாதிப் பேர் போட்டிருந்த சட்டை அவள் வெளுத்தது. ஆனால் அன்றைக்கு எவனுக்கும் நின்று இன்னொருத்திக்காகப் பேச நேரமில்லை. அவர்கள் அடுத்த தடவைக்கு எந்தப் பெயரைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண் தேடியது ஒருத்தியைத்தான். அந்த ஒருத்தி ஒரு முழ தூரத்தில் முதுகுக்குப் பின்னால் நின்றாள், என் மேலங்கியில்.

பேசு அண்ணி, பேசு என்று என் மனம் அடித்துக்கொண்டது. பேசினால் முக்காடு போகும். ஹுல்டா பியர்சன் காலையில் போட்டுவிட்டு இரண்டாம் தடவை வந்து நிற்கிறாள் என்று கிரேன்துறை ஆட்கள் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். ஊர் சிரிக்கும். அவள் பேசவில்லை. கையில் இருந்த சீட்டை மட்டும் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

ஃபுளோரா திரும்பினாள். அவள் பார்வை அந்தக் கையில் விழுந்தது. பிளந்த நகம். எத்தனை வருஷம் கோத்துக்கொண்டு நடந்த கை! கையைப் பார்த்தாள். பிறகு முக்காட்டைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தன் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைக் கடந்து வெளியே போனாள்.

"அடுத்தது!" என்றார் அதிகாரி.

அண்ணி நகர்ந்தாள். ஏதோ ஒரு பெயர் சொன்னாள். சீட்டைக் கொடுத்தாள். அது பெட்டிக்குள் போயிற்று. திரும்பிப் போயிருக்கலாமே என்று பிற்பாடு நான் கேட்டேன்.

"கால் தானா போச்சு ஃபீபி. போட்டுட்டேன். அதையும் போட்டுட்டேன்" என்றாள்.

எங்கள் ஊர் ஜெயித்தது. ஊரில் இருக்கிற தலைகளைவிட விழுந்த ஓட்டு அதிகம். மணி அடித்தார்கள், பீரங்கி வெடித்தார்கள், ஜேபஸை அந்தக் கவுனோடு தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மறுநாள் கவுன் திரும்பி வந்தது. தோள் தையல் முழுக்கப் பிய்ந்திருந்தது. ஊருக்கே தைக்கிறவள், அதை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டாள்.

ஃபுளோரா வழக்கம்போல் துணி எடுக்க வந்தாள். அண்ணி வாசலிலேயே அவள் கையைப் பிடித்தாள்.

"ஃபுளோரா, அன்னிக்கு..."

"போர்வையும் போடறீங்களாம்மா? வெயில் இருக்கு இன்னிக்கு" என்றாள் ஃபுளோரா. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மூட்டையைக் கட்டினாள்.

திட்டியிருந்தால் அண்ணிக்கு மனசு ஆறியிருக்கும். அந்த மரியாதைதான் அவளைத் தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் எவரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஊரோ அதை வெற்றிக் கதையாகச் சொல்லித் திரிந்தது. நான் நாலு தடவை, நீ எத்தனை என்று சத்திரத்தில் பந்தயம் கட்டினார்கள். தன் இரண்டாவதைச் சொல்ல அண்ணிக்கு நாக்கு எழவில்லை.

அக்டோபர் வந்தது. வாசலில் "ஹுல்டா!" என்ற குரல் வரவில்லை. அண்ணி தானே ஓடைப் பக்கம் போனாள். நானும் கூடப் போனேன், அவளைத் தனியே விட மனசில்லாமல்.

"வா ஃபுளோரா, போகலாம். இந்தத் தடவை நான் சொல்றேன். எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

ஃபுளோரா தொட்டியிலிருந்து கையை எடுத்து நெடுநேரம் துடைத்தாள். அவளுக்கு ஓட்டு வேண்டும். அண்ணிக்காக இல்லை, தனக்காக வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். கை கோக்கவில்லை.

புது அதிகாரி. அதே கேள்வி.

அண்ணி முக்காடு இல்லாமல், பழைய கம்பளி உடுப்பில், நிமிர்ந்து நின்றாள். "நான் சொல்றேன். இவளை எனக்குத் தெரியும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க யாருன்னு யார் சொல்றது, விதவை பியர்சன்? இன்னிக்கு நீங்க எத்தனாவது ஆளா வந்திருக்கீங்க?"

கூடம் அதிர்ந்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "சாம்பல் அங்கி எங்க அக்கா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். குரல் ஜேபஸுடையது. அவனுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்திருந்தது. அவன் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

அண்ணியின் சொல்லுக்கு இருந்த விலை போய்விட்டது. அதை நம்பி வந்தவளின் ஓட்டையும் அது கொண்டுபோயிற்று. ஃபுளோராவைப் போகச் சொல்லிவிட்டார்கள். "நீங்க போடலாம்மா, ஒண்ணே ஒண்ணு" என்றார் அதிகாரி அண்ணியிடம், இன்னும் சிரிப்பு அடங்காமல். அண்ணி சீட்டைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஃபுளோராவுக்குப் பின்னால் வெளியே வந்தாள். ஃபுளோரா திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போய்விட்டாள்.

அதுதான் கடைசித் தேர்தல் என்று எங்களுக்குத் தெரியாது. நவம்பரில் சட்டசபை கூடியது. பிப்ரவரியில் நடந்த அந்த அசிங்கம் நாடெங்கும் நாறிப் போயிருந்தது. யார் தலையிலாவது பழியைப் போட வேண்டும். பெண்களாலும் கறுப்பர்களாலும் தேர்தல் கெட்டுப்போயிற்று என்று பேசினார்கள். இனிமேல் வெள்ளைக்கார ஆண்கள் மட்டும் போட்டால் போதும் என்று எழுதிவிட்டார்கள். ஏனோஸ் செய்தித்தாளைப் படித்துக் காட்டியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியை உடைத்தேன். பாவாடை கட்டிக்கொண்டு போட்ட ஜேபஸுக்கு ஓட்டு இருக்கிறது. பாவாடைக்குச் சொந்தக்காரிக்கு இல்லை. ஒரு தப்பும் செய்யாமல் மடித்த சீட்டோடு திரும்பிப் போன ஃபுளோராவுக்கு இல்லவே இல்லை.

"என்னாலதான்" என்றாள் அண்ணி.

"பைத்தியமா உங்களுக்கு? ஊரே போட்டுச்சு. அவனுங்க முன்னாடியே முடிவு பண்ணினது இது, சாக்குத்தான் தேடிட்டு இருந்தானுங்க."

"நான் சாக்குக் கொடுத்தேனே, ஃபீபி."

எங்கள் சபையில் தப்புச் செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளுக்கு நடுவிலுள்ள வழியில் வந்து நின்று எல்லார் முன்னாலும் அறிக்கையிடுவது வழக்கம். குடித்தவன் நிற்பான். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை பெற்றவர்கள் ஜோடியாக நிற்பார்கள். சொல்லி முடித்தால் சபை மன்னித்துவிடும். அத்தோடு அது தீர்ந்தது. யாரும் மறுபடி பேசக்கூடாது. அண்ணி மூப்பரிடம் போய்த் தானும் நிற்க வேண்டும் என்றாள்.

மூப்பர் பதறிப்போனார். "அது பாவம் இல்லம்மா, ஊர்ப்பற்று. நீ எந்திரிச்சா அப்புறம் யார் உக்காந்திருக்க முடியும்? பாதிரியார் வீட்டம்மாவும் எந்திரிக்கணும், நானும் எந்திரிக்கணும். பேசாம போ."

ஆக ஊருக்கு வெட்கம் இல்லை. இருக்கிற ஒருத்தியும் அதைச் சொல்லக்கூடாது.

சொன்னாள். அடுத்த ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் யாரையும் கேட்காமல் நடுவழியில் போய் நின்றாள். மேல்மாடத்தில் கறுப்பர்களின் பெஞ்சில் ஃபுளோரா உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஹுல்டா பியர்சன்" என்று ஆரம்பித்தாள். "பிப்ரவரியில முகத்தை மூடிக்கிட்டு ரெண்டாவது ஓட்டுப் போட்டேன். அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. எனக்கு முன்னால ஃபுளோரா வான் டைன் நின்னா. அவளைத் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு கேட்டாங்க. எனக்கு..."

மூப்பர் சைகை காட்டினார். பாட்டுத் தலைவர் சங்கீதத்தை எடுத்தார். எந்தப் பாட்டு என்று இன்னும் அறிவிக்கவே இல்லை. சபை முழுக்க ஒரே வேகத்தில் எழுந்து அவரோடு சேர்ந்து பாடியது. அவ்வளவு உரக்க அந்தச் சபை பாடி நான் கேட்டதில்லை. அண்ணியின் வாய் மட்டும் அசைந்தது. அவள் நிறுத்தவில்லை. தலையை உயர்த்தி மேல்மாடத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி வரை சொன்னாள். பாட்டு முடிந்தபோது அவளும் முடித்திருந்தாள். மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் எதுவும் கேட்கவில்லையே.

வாசல் படியில் ஃபுளோரா இறங்கி வருகிற வரை அண்ணி காத்திருந்தாள்.

"கேட்டுச்சா உனக்கு?"

"வாயைப் பாத்துக்கிட்டு இருந்தேன்." ஃபுளோரா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்மா. இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம்." படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அண்ணி நெடுங்காலம் இருந்தாள். செருப்புத் தைத்தாள். தோப்பில் ஆப்பிள் பறித்தாள். புது நீதிமன்றம் எங்கள் ஊரில்தான் எழும்பியது. நல்ல சிவப்புக் கல். சந்தைக்கு அந்தத் தெரு வழியாகப் போனால் கிட்டம். அவள் சேற்றுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். அக்டோபரில் தேர்தல் அன்று ஜன்னல் கதவு திறக்க மாட்டாள். ஜேபஸ் ஹெடன் பெரிய மனிதன் ஆகி, தேர்தல் அதிகாரியாகவே உட்கார்ந்தான். வருகிறவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பானாம். தெருவில் அண்ணியைக் கண்டால் தொப்பியைத் தூக்கி, "என்னக்கா, கவுன் சௌக்கியமா?" என்பான். வெட்கப்பட வேண்டியவன் சிரித்துக்கொண்டு போவான். காது வரை சிவந்து தலை குனிந்து நிற்பாள் இவள்.

போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள். குளிப்பாட்டி உடுத்த எனக்குத் தனியாக முடியவில்லை. ஃபுளோராவுக்கு ஆள் அனுப்பினேன். அவளும் கிழவிதான் இப்போது. உடனே வந்தாள். என்னைவிட மென்மையாக அந்த உடம்பைத் திருப்பினாள். பிளந்த நகமுள்ள விரலைத் தனியாக, மெதுவாகத் துடைத்தாள்.

ஆணியிலிருந்து பட்டு கவுனை எடுத்தேன். தோள் தையல் அப்படியே பிரிந்து கிடந்தது.

"ரெண்டு தையல் போட்டுடவா?" என்றேன்.

ஃபுளோரா பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "அவங்களுக்குத் தைக்கத் தெரியாதா? வேணாம்னுதானே விட்டிருக்காங்க."

அப்படியே உடுத்தினோம். சவப்பெட்டியில் கிடத்தினோம். தூக்குகிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் காத்திருந்தேன். ஹுல்டா என்ற அந்தப் பெயரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஃபுளோரா வாயால் கேட்டுவிட்டால் அண்ணி நிம்மதியாகப் போவாள் என்று இருந்தது எனக்கு. ஃபுளோரா குனிந்தாள். கழுத்துப் பட்டியைச் சரி செய்தாள்.

"போயிட்டு வாங்கம்மா" என்றாள்.